கருவாட்டுக் கடையின் இணையதளம்: யார் வந்தார், எங்கே திரும்பினார்

புதிதாக இணையதளம் தொடங்கிய எந்த வீட்டிலும் முதல் மாதம் தளத்துக்கு வரும் கூட்டத்தில் பெரும்பங்கு அந்த வீட்டாரே. தளத்தை வடிவமைத்துக் கொடுத்த அண்ணன் மகன், துபாயில் இருந்து எட்டிப் பார்க்கும் கொழுந்தனார், தன் படம் வந்திருக்கிறதா என்று தேடும் சித்தி, நாளெல்லாம் திறந்து திறந்து அழகு பார்க்கும் முதலாளி. பார்வையாளர் கணக்கைப் படிக்கக் கற்கிறவர் முதலில் செய்யவேண்டியது சொந்தக்காரர்களைக் கணக்கிலிருந்து தள்ளுவதுதான்.

நான் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் கருவாடு வியாபாரம் செய்கிறேன். நெத்திலி, சாளை, வாளை, திருக்கை. கூடவே முண்டு மிளகாயும் சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியும். இன்று பாதிக்கு மேல் சரக்கு தளம் வழியாகத்தான் வெளியூர் போகிறது. தொண்டியில் இருந்து மூக்கையூர் வரை இப்படிச் சிறு தளம் வைத்திருப்பவர்கள் என்னைப் பார்த்தால் கேட்பது ஒரே கேள்வி: "அக்கா, ஆட்கள் வருகிறார்கள், ஆர்டர் வரவில்லையே, ஏன்?" அந்தக் கேள்விக்குப் பதில் அவர்கள் கணக்கிலேயே கிடக்கிறது. அதை எடுத்துப் படிக்கத் தெரிந்தால் விளம்பரத்துக்குக் கொட்டும் பணத்தில் கணிசமாக மிச்சம் பிடிக்கலாம்.

கருவிகள் மூன்று போதும், மூன்றும் இலவசம். வந்தவர் எங்கிருந்து வந்தார், என்ன செய்தார் என்று சொல்ல கூகுள் அனலிட்டிக்ஸ். வருவதற்கு முன் கூகுளில் என்ன தேடினார் என்று சொல்ல சர்ச் கன்சோல். பக்கத்தில் விரல் எங்கே பட்டது என்று காட்ட மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி. யூடியூப்பில் பாடம் பார்த்துக் கற்கிறவர்கள் தேதியைக் கவனியுங்கள். பழைய அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1-ஆம் தேதியோடு கணக்கெடுப்பதை நிறுத்திவிட்டது. இப்போது இருப்பது நான்காம் பதிப்பு. பழைய காணொளியில் காட்டும் பட்டன்கள் இதில் கிடையாது.

அனலிட்டிக்ஸை நிறுவிய அன்றே இரண்டு அமைப்புகளை மாற்றிவிடுங்கள். ஒன்று, விவரங்களை வைத்திருக்கும் காலம். நாம் தோண்டித் துருவிப் பார்க்கும் 'எக்ஸ்ப்ளோர்' பகுதிக்கான தரவு, நாம் தொடாமல் விட்டால் 2 மாதம் மட்டுமே நிற்கும். அதை 14 மாதமாக்குங்கள். ஏன் என்பது புரட்டாசி பற்றிப் பேசும்போது விளங்கும். இரண்டாவது, முன்னே சொன்ன சொந்தக்காரர் வடிகட்டி. வீட்டு பிராட்பேண்டின் ஐபி முகவரியை, அதாவது அந்த இணைய இணைப்பின் அடையாள எண்ணை, 'இன்டர்னல் டிராஃபிக்' என்று குறித்துவிட்டால் அந்த வருகைகளைத் தனியே ஒதுக்கலாம். வடிகட்டி முதலில் 'டெஸ்டிங்' நிலையில்தான் இருக்கும். 'ஆக்டிவ்' என்று மாற்றினால்தான் வேலை செய்யும், அதுவும் அன்றுமுதல்தான். பழைய கணக்கைத் திருத்தாது. கைப்பேசி டேட்டாவில் ஐபி மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் அங்கே இந்த வடிகட்டி செல்லாது. அதற்கு ஒரே மருந்து, கைப்பேசியில் சொந்தத் தளத்தைத் திறந்து ரசிப்பதைக் குறைத்துக்கொள்வது. என் நாத்தனாரிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை என்பது வேறு கதை.

எதை எண்ணுவது

பலர் மாத மொத்த எண்ணிக்கையைத்தான் பார்க்கிறார்கள். ராமேசுவரத்தில் தங்கும் விடுதி நடத்தும் ஒருவர், பாம்பன் புதிய பாலத்தைப் பற்றித் தன் தளத்தில் ஒரு கட்டுரை போட்டார். தூக்குப் பாலம் எப்படி உயரும், எங்கே நின்று பார்க்கலாம் என்று நல்ல கட்டுரைதான். கூட்டம் குவிந்தது. அறை பதிவு அப்படியே இருந்தது. வந்தவர்கள் பாலத்தைத் தெரிந்துகொள்ள வந்தவர்கள், தங்க வந்தவர்கள் இல்லை. கட்டுரையைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கூட்டத்தைத் தனியே பிரித்துவிட்டு, அறைகளும் வாடகையும் உள்ள பக்கத்துக்கு எத்தனை பேர் போனார்கள் என்று பார்த்தால்தான் விடுதியின் நிலை தெரியும்.

ஆகவே முதலில் முடிவு செய்யவேண்டியது, வந்தவர் என்ன செய்தால் அது நமக்குக் காசு என்பது. அனலிட்டிக்ஸில் அதற்கு 'கீ ஈவென்ட்' என்று பெயர். 2024 வரை 'கன்வர்ஷன்' என்று இருந்ததுதான் இப்படிப் பெயர் மாறியிருக்கிறது. பெரிய நிறுவனத் தளங்களில் பணம் கட்டி முடிப்பது கீ ஈவென்ட். நம் பக்கத்து வியாபாரம் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் முடிகிறது. "மீன் எந்த ஊர் மீன்? உப்பு அதிகமா?" என்று நாலு வார்த்தை கேட்டால்தான் மக்களுக்கு நம்பிக்கை வருகிறது. எனவே எனக்குக் கீ ஈவென்ட் என்பது வாட்ஸ்அப் பட்டனை அழுத்துவதுதான்.

அனலிட்டிக்ஸில் 'என்ஹான்ஸ்டு மெஷர்மென்ட்' என்ற வசதியை இயக்கியிருந்தால், வெளித்தள இணைப்புகளை அழுத்துவதை அது தானே எண்ணும். வாட்ஸ்அப் இணைப்பும் அதில் அடங்கும். தொலைபேசி எண்ணை அழுத்தி அழைப்பதை அது தானாக எண்ணாது. இப்படிப்பட்ட கணக்குகளைத் தளத்தில் பொருத்த உதவும் கூகுளின் டேக் மேனேஜர் மூலம் தனியே அமைக்க வேண்டும். கருவாடு வாங்கும் பெரியவர்கள் பட்டனைத் தேடுவதில்லை, நேரே அழைக்கிறார்கள். அதை எண்ணாமல் விட்டால் உங்கள் நல்ல வாடிக்கையாளர்களே கணக்கில் 'வந்தார், போனார்' என்று பதிவாகிவிடுவார்கள்.

இதில் எந்தக் கருவியும் தராத ஒரு வசதியை நானே செய்துகொண்டிருக்கிறேன். வாட்ஸ்அப் இணைப்பில் செய்தியை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் வேறு வேறு செய்தி வைத்திருக்கிறேன். நெத்திலிப் பக்கத்தில் அழுத்தினால், "வணக்கம், தலை நீக்கிய நெத்திலி அரைக் கிலோ வேண்டும்" என்று வரும். மிளகாய்ப் பக்கத்தில் வேறு. சமையல் குறிப்புப் பக்கத்தில் "கருவாடு கழுவும் முறை படித்தேன்" என்று தொடங்கும். செய்தியின் முதல் வரியைப் பார்த்தாலே அவர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார் என்று தெரிந்துவிடும். இரவு கடையைச் சாத்தும்போது நோட்டில் பக்கம் வாரியாக ஒரு கோடு போட்டால் போதும். அனலிட்டிக்ஸ் அழுத்தியவர்களைச் சொல்லும், இந்த நோட்டு வாங்கியவர்களைச் சொல்லும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் நம் பேச்சின் தரம்.

'டைரக்ட்' என்ற புதிர்

'டிராஃபிக் அக்விசிஷன்' என்ற அறிக்கையைத் திறந்தால் வருகைகள் எந்த வழியில் வந்தன என்று பிரித்துக் காட்டும்: கூகுள் தேடல், சமூக ஊடகம், மற்றத் தளங்கள், விளம்பரம். நம்மைப் போன்றவர்களுக்கு அதில் 'டைரக்ட்' என்ற வரிதான் தடித்து நிற்கும். முகவரியைத் தட்டச்சு செய்து நேராக வந்தார்கள் என்று நினைத்து மகிழவேண்டாம். எங்கிருந்து வந்தார் என்று தெரியாத அத்தனை பேரையும் அந்த வரியில்தான் போடுகிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்த இணைப்பு வழியாக வருகிறவர்கள் பெரும்பாலும் அதில்தான் கலந்திருப்பார்கள்.

இதைப் பிரிக்க யுடிஎம் குறிகள் உதவும். இணைப்பின் வாலில் சோர்ஸ், மீடியம், கேம்பெயின் என்று மூன்று சொற்களை ஒட்டிவிடுவதுதான் விஷயம். கூகுளே அதற்கு ஒரு படிவம் வைத்திருக்கிறது. நிரப்பினால் இணைப்பைக் கட்டிக் கொடுத்துவிடும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு ஒன்று, குடும்பக் குழுக்களுக்கு ஒன்று, இன்ஸ்டாகிராம் அறிமுகப் பகுதிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலச் சிறிய எழுத்திலேயே எப்போதும் எழுதுங்கள்; ஒரு முறை பெரிய எழுத்து, ஒரு முறை சிறிய எழுத்து என்றால் இரண்டு தனி வரிகளாகப் பிரிந்துவிடும். உங்கள் தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இணைப்பில் இந்தக் குறியை ஒட்டவே கூடாது. ஒட்டினால், அவர் உண்மையில் வந்த வழி குழம்பிப்போகும்.

எனக்கு அதிகம் சொல்லிக் கொடுத்தது பாக்கெட்டின் பின்புறம் ஒட்டிய க்யூஆர் குறி. அதற்கு ஒரு யுடிஎம், ராமேசுவரத்தில் எங்கள் சரக்கை வைத்து விற்கும் கடையின் மேசையில் இருக்கும் அட்டைக்கு இன்னொரு யுடிஎம். மேசை அட்டையை ஸ்கேன் செய்கிறவர்கள் யாத்திரைக்கு வந்தவர்கள். விலை பார்த்துவிட்டுப் போகிறார்கள். பாக்கெட்டை ஸ்கேன் செய்கிறவர் ஏற்கெனவே தின்று தீர்த்தவர். அவர் வந்தால் நேரே வாட்ஸ்அப்தான். இது தெரிந்தபின் பாக்கெட் குறி கூட்டிச்செல்லும் பக்கத்தில் 'எங்களைப் பற்றி' எல்லாம் எடுத்துவிட்டு, "முன்பு வாங்கியதையே அனுப்பவா?" என்ற ஒரு பட்டனை மட்டும் வைத்தேன்.

ஊர் வாரிப் பட்டியலை நம்பி விளம்பரம் போடாதீர்கள். ஊரை ஐபி முகவரி வைத்துத்தான் ஊகிக்கிறார்கள். பரமக்குடியில் கைப்பேசியில் பார்ப்பவரைச் சென்னை என்று காட்டுவது சாதாரணம். பார்சல் போன முகவரிகளின் பின்கோடுதான் சரியான ஊர்க் கணக்கு.

தேடியவர் மனத்தில் என்ன இருந்தது

சர்ச் கன்சோலில் 16 மாதத் தேடல் விவரம் கிடைக்கும். எந்தச் சொல்லுக்கு நம் பக்கம் எத்தனை முறை கூகுளில் தோன்றியது, எத்தனை பேர் அழுத்தினார்கள், சராசரியாக எத்தனையாவது இடம். மிகச் சிலரே தேடிய சொற்களை, அவர்கள் அடையாளம் தெரியக்கூடாது என்று கூகுள் மறைத்துவிடும். அதனால் கூட்டினால் மொத்தம் ஒத்துவராது. பதற வேண்டாம்.

அதிகம் தோன்றி, குறைவாக அழுத்தப்பட்ட சொற்களை முதலில் எடுங்கள். இடம் நன்றாக இருந்தும் அழுத்தவில்லை என்றால் கூகுளில் தெரியும் தலைப்பு சரியில்லை என்று பொருள். நம் பக்கத்துத் தளங்கள் பாதிக்கு மேல் முகப்புப் பக்கத்தின் தலைப்பு வெறும் 'ஹோம்' என்றே இருக்கிறது. பொருள், எடை, ஊர் மூன்றும் தலைப்பில் இருக்கட்டும். நாம் சாளை என்று எழுதினால் சென்னைக்காரர் மத்தி என்று தேடுவார். பலர் தமிழ்ப் பெயரையே ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக அடிப்பார்கள். பட்டியலில் தென்படும் வடிவங்களைப் பக்கத்தின் விவரத்தில் இயல்பாகச் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது தேடலின் நோக்கம். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரை மட்டும் அடிப்பவர்களில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களும் இருப்பார்கள். அதோடு 'ஒரு கிலோ விலை' சேர்த்து அடிப்பவர் குழம்பு வைக்கப் போகிறவர். முதல் சொல்லுக்கு முதலிடம் பிடிக்க நான் மெனக்கெடுவதில்லை.

"நெத்திலி கருவாடு மணல் போகக் கழுவுவது எப்படி" என்பது எங்கள் பட்டியலில் எப்போதும் மேலே நிற்கும் கேள்வி. இதற்காக எழுதிய சமையல் பக்கம் கூட்டத்தைச் சேர்த்தது, கல்லாவை நிரப்பவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு பயம் இருக்கிறது: வாங்கினால் மணலாக இருக்குமோ? எனவே பதிலைத் தூக்கி விற்பனைப் பக்கத்திலேயே வைத்தேன். எங்கள் நெத்திலி தரையில் காய்வதில்லை, உயர்த்திக் கட்டிய வலையில் காய்கிறது என்ற ஒரு வரியும், வலை மேல் மீன் கிடக்கும் ஒரு படமும். வாட்ஸ்அப்பில் மணல் பற்றிய கேள்வி அதன்பின் அபூர்வமாகிவிட்டது.

விரல் படும் இடம்

கிளாரிட்டியில் பார்வையாளர் பக்கத்தை எப்படி நகர்த்தினார், எங்கே தட்டினார் என்று காணொளி போலப் பார்க்கலாம். அவர் யார் என்று தெரியாது. படிவத்தில் தட்டச்சு செய்வதை அது மறைத்தே காட்டும். ஒரு மாலை உட்கார்ந்து பத்துப் பதினைந்து பதிவுகளைப் பாருங்கள். ஒரு பதிவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வந்தவர் வாளைக் கருவாட்டுப் படத்தைத் தட்டினார். எதுவும் நடக்கவில்லை. மறுபடி தட்டினார். இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கப் பார்த்தார். விலையைத் தாண்டிக் கீழே போய் மீண்டும் படத்துக்கே வந்தார். இன்னொரு தட்டு; போய்விட்டார். இப்படிப் பயனில்லாத தட்டுகளை 'டெட் கிளிக்' என்று கிளாரிட்டியே கணக்கிட்டுத் தனியே காட்டும். மற்றப் பதிவுகளிலும் அதே படத்தில் அதே தட்டு.

கடைக்கு நேரில் வருகிறவர் கருவாட்டை எடுத்து முறித்துப் பார்த்து, மோந்து பார்த்துத்தான் வாங்குவார். திரையில் அவரால் முடிவது படத்தைப் பெரிதாக்குவது ஒன்றுதான். அதையும் நாம் தடுத்திருந்தோம். பெரிதாக்கும்படி மாற்றினோம், உள்ளங்கையில் துண்டை வைத்து அளவு தெரியும்படி ஒரு படம், வெட்டுமுகம் தெரியும்படி ஒன்று, பாக்கெட்டில் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் எஃப்எஸ்எஸ்ஏஐ எண் தெரியும்படி ஒன்று. விளம்பரத்துக்கு ஒரு ரூபாய் கூட்டவில்லை. வாளை விற்பனை ஏறியது.

படத்தைப் பற்றிப் பேசும்போது எடையையும் சொல்லிவிடுகிறேன். கைப்பேசியில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் பக்கம் திறக்க நேரமாகும். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற கூகுள் பக்கத்தில் உங்கள் முகவரியைக் கொடுங்கள். முக்கியப் படமோ எழுத்தோ 2.5 விநாடிக்குள் தெரியவேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல்.

வரைகோட்டின் பக்கத்தில் பஞ்சாங்கம்

அனலிட்டிக்ஸ் தானாகக் காட்டும் ஒப்பீடு அதற்குச் சற்று முந்தைய நாட்களோடு. நம் தொழிலுக்கு அது உதவாது. செப்டம்பர் நடுவில் கோடு சரியும், காரணம் புரட்டாசி. கார்த்திகையில் மாலை போடுகிறவர்களால் இன்னொரு சரிவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பச்சை மீன் விலை ஏற ஏற, கருவாடு தேடுவோர் கூடுவார்கள். இந்த ஏற்றத்தைத் தன் திறமை என்று பேசும் விளம்பரக்காரர்கள் இருக்கிறார்கள். புரட்டாசிச் சரிவைக் காட்டி, 'விளம்பரத்தைக் கூட்டுங்கள்' என்பவர்களும் அவர்களே.

எனவே இந்தப் புரட்டாசியைப் போன புரட்டாசியோடு ஒப்பிடுங்கள். 14 மாதத் தரவு வேண்டும் என்றது இதற்காகத்தான். எங்கள் முகப்பில் அந்த மாதம் கருப்பட்டியும் மிளகாயும் முன்னுக்கு வரும், கருவாடு பின்னே போகும். ஆங்கிலத் தேதியை வைத்து ஒப்பிட்டால் சில வியாபாரத்துக்குத் தவறும். கீழக்கரையில் தொதல் என்ற இனிப்பை விற்கும் என் தோழிக்கு நோன்புப் பெருநாளுக்கு முன்தான் ஆர்டர் குவியும். ரமலான் ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னே நகர்கிறது. ராமேசுவரம் விடுதிக்காரர்கள் ஆடி அமாவாசை, தை அமாவாசைத் தேதிகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். 2022 டிசம்பரில் தீவுக்கு நின்றுபோன ரயில், 2025 ஏப்ரல் 6-இல் புதிய பாலம் திறந்த பிறகுதான் மீண்டும் வந்தது. அவர்கள் 2024-ஐயும் 2025-ஐயும் அப்படியே ஒப்பிட்டால் தப்புக் கணக்குதான் வரும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மீன் காயாது, சரக்கு தீரும். அப்போது 'கையிருப்பு இல்லை' என்று வெறுமனே போட்டுவைத்தால் வந்தவரும் போவார், அவர் வந்ததற்கான தடயமும் போகும். அந்த இடத்தில் "வந்ததும் சொல்லுங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் பட்டன் வையுங்கள். மழை முடிந்து தையில் வெயில் ஏறும்போது எந்த மீனை எவ்வளவு வாங்கிக் காயவைப்பது என்று அந்த எண்ணிக்கையே சொல்லும்.

சிறு எண்களில் சதவீதம் ஆளை ஏய்க்கும். ஐந்து ஆர்டர் ஏழானால் 40 சதவீத வளர்ச்சி. உண்மையில் இரண்டு வீட்டுக்காரர்கள் கூடுதலாக வாங்கினார்கள், அவ்வளவே. பட்டன் பச்சையா நீலமா என்று பாதிப் பாதியாகச் சோதிப்பதெல்லாம் ஆயிரக்கணக்கில் ஆர்டர் உள்ளவர்களின் வேலை. நமக்கு, "எங்கே பார்த்து வந்தீர்கள்?" என்று வாங்குகிறவரிடம் வாய் திறந்து கேட்பதே அதைவிடத் தெளிவான பதில் தரும்.

விளம்பரக் காசு

புரிவதற்காக ஒரு கணக்குப் போடுகிறேன். ஃபேஸ்புக் விளம்பரத்துக்கு 3,000 ரூபாய். அவர்கள் கணக்கில் 600 கிளிக். உங்கள் அனலிட்டிக்ஸில் அந்த யுடிஎம்மில் 420 வருகைதான். வாட்ஸ்அப் அழுத்தியவர் 21. வாங்கியவர் 9. அதில் ஒரு பார்சல் 'வாங்க ஆளில்லை' என்று திரும்பி வந்தது. மிஞ்சியது 8. ஓர் ஆர்டரைப் பிடிக்க 375 ரூபாய். ஒரு பார்சலில் உங்களுக்கு நிற்பது 150 என்றால் இந்த விளம்பரம் நட்டம். அந்த எட்டுப் பேர் பாக்கெட் குறி வழியே இன்னும் இரண்டு மூன்று முறை வந்தால் லாபம். ஆகவே தீர்ப்பை இரண்டு மாதம் தள்ளிச் சொல்லுங்கள்.

இந்த வரிசையில் எங்கே அதிகம் உதிர்கிறது என்று பார்த்தால் மருந்தும் தெரியும். 600-க்கும் 420-க்கும் இடைவெளி பெரிதென்றால் பெரும்பாலும் பக்கம் திறக்கத் தாமதம், காத்திருக்காமல் போய்விடுகிறார்கள். 420-இல் 21 குறைவு என்றால் விலையோ, படமோ, டெலிவரி கட்டணம் தெரியாததோ. 21-இல் 9 என்றால் பதில் சொல்லத் தாமதிக்கிறீர்கள். மற்றத் தளங்களிலும் செயலிகளிலும் படமாகத் தோன்றும் கூகுளின் டிஸ்ப்ளே விளம்பரம் போடுகிறவர்கள் அது எங்கெங்கே தோன்றுகிறது என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள். குழந்தைகள் விளையாடும் செயலிகள் வரிசையாக இருக்கும். தெரியாமல் விரல் பட்டு வந்து அந்த விநாடியே திரும்பும் கூட்டம் அது. அந்த இடங்களை விலக்கிவிடலாம்.

வெளியாளிடம் இந்த வேலையை ஒப்படைப்பதானால் அனலிட்டிக்ஸ், சர்ச் கன்சோல், விளம்பரக் கணக்கு மூன்றையும் உங்கள் மின்னஞ்சலில் நீங்களே தொடங்குங்கள். அவர்களுக்கு அதில் அனுமதி மட்டும் கொடுங்கள். அவர்கள் பெயரில் தொடங்கிவிட்டு, பிரியும்போது பழைய கணக்கு முழுவதையும் இழந்தவர்கள் இந்தக் கரையில் உண்டு. மாத அறிக்கையில் 'இத்தனை லட்சம் பேர் கண்ணில் பட்டது' என்ற வரி முதலில் வந்தால் அதைத் தாண்டி, எத்தனை பேர் வாட்ஸ்அப் அழுத்தினார்கள், அதற்கு எவ்வளவு செலவு என்று கேளுங்கள். பதில் சொல்ல ஒரு வாரம் கேட்டால் அனுமதியைத் திரும்ப எடுப்பதற்கு 'அட்மின்' பகுதியில் பெயருக்கு எதிரே ஒரு பட்டன் இருக்கிறது.